வழி தவறியவை

சால்மன் மீனைப் பற்றிப் பேசத் தொடங்கும் எவரும் இறுதியில் ஊர் திரும்புவதைப் பற்றிப் பேசித்தான் முடிக்கிறார்கள். ஆற்றின் கூழாங்கற்களுக்கு இடையே பொரித்து, கடலுக்குச் சென்று வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்துத் தான் பிறந்த அதே ஆற்றைத் தேடி வந்து, முட்டையிட்டு, அங்கேயே இறந்துபோகும் மீன் அது. இப்படியொரு வாழ்க்கை கண்ணில் பட்டால் உவமை தேடுகிற மனம் சும்மா இருப்பதில்லை. 'ஒரு மீனுக்கு இருக்கும் மண்ணாசை நமக்கு இல்லையே' என்று தொடங்கும் மேடைப் பேச்சை நாங்களே ஒருமுறை கேட்டிருக்கிறோம். கைதட்டலும் பலமாகக் கிடைத்தது.

2023 செப்டம்பரில் நாங்கள் இருவரும் கனடா சென்றது தம்பியைப் பார்ப்பதற்காக. எங்களில் ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் வங்கி ஊழியர். அவன் எங்கள் இருவருக்கும் இளையவன். வான்கூவரை அடுத்த சர்ரே நகரில் அவன் குடியேறி அப்போது பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தென்காசிக்கு அருகிலுள்ள எங்கள் ஊர் வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். ஐந்து அறைகள் கொண்ட அந்த வீட்டில் மாடியறை ஒன்று அவன் சென்ற நாளிலிருந்து பூட்டியே கிடந்தது. மாதம் ஒருமுறை திறந்து பெருக்கிவிட்டுத் திரும்பவும் பூட்டிவிடுவார். புறப்படும் அன்று, ஊறுகாய்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டே அம்மா சொன்னது ஒன்றுதான்: "வருவானா, மாட்டானான்னு ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்கு முன்பாகவே தம்பி வேறொரு திட்டம் வைத்திருந்தான். மகளுக்குப் பள்ளியில் விடுப்புச் சொல்லியிருந்தான். கரடி பார்க்கப் போகிறோம் என்றான்.

* * *

வான்கூவரிலிருந்து பெல்லா கூலா பள்ளத்தாக்கிற்குச் சாலை வழியாக ஏறத்தாழ 1000 கிலோமீட்டர். வில்லியம்ஸ் லேக் என்னும் சிற்றூர் வரை வடக்கே சென்று, பிறகு மேற்கே திரும்பி, 20ஆம் எண் நெடுஞ்சாலையில் 450 கிலோமீட்டர் போக வேண்டும். முதலில் வறண்ட புல்வெளி. பிறகு முடிவே இல்லாததுபோல் பைன் காடு. மேட்டுநிலம் முடியும் இடத்தில், 1500 மீட்டர் உயரத்திலிருந்து சாலை சட்டென்று பள்ளத்தாக்கிற்குள் விழுகிறது. தார் இல்லாத, தடுப்புச் சுவரும் இல்லாத மலைச்சாலை. சில இடங்களில் சரிவு 18 விழுக்காடு. ஊர்க்காரர்கள் அதற்குப் பெயரெதுவும் வைக்கவில்லை. வெறுமனே 'குன்று' என்கிறார்கள்.

1953 வரை இந்தச் சாலை கிடையாது. வெளியுலகிற்குச் செல்ல வேண்டுமானால் கடல் வழி, இல்லையென்றால் மலைத்தடத்தில் குதிரை. சாலை போட முடியாது என்று அரசு சொல்லிவிட்ட பிறகு, பள்ளத்தாக்கின் மக்களே புல்டோசரும் வெடிமருந்துமாக இருபுறமிருந்தும் மலையைக் குடையத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் இரு புல்டோசர்களும் நடுவழியில் சந்தித்துக்கொண்டன. இன்றும் அதற்குச் சுதந்திரச் சாலை என்றொரு பெயர் உண்டு. வெளியேறிச் செல்ல ஒரு வழி இருப்பதைத்தான் அவர்கள் சுதந்திரம் என்று அழைத்திருக்கிறார்கள். அன்றைய எங்கள் மனநிலையில் அது சற்றே உறுத்தியது.

குன்றின் அடியில் இரண்டு ஆறுகள் சந்திக்கின்றன. பனியாறுகள் அரைத்த பாறைத் தூளைச் சுமந்துகொண்டு பால்போல் கலங்கி வருவது டால்சாக்கோ. ஏரிகளில் தெளிந்து, அடியிலுள்ள கல்லை எண்ணும்படி வருவது அட்னார்க்கோ. இரண்டும் கூடிய பின்பு பெல்லா கூலா ஆறு. நுஹால்க் என்னும் தொல்குடி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இதன் கரையில் வாழ்கிறார்கள். கரடிகள் கூடுவது அட்னார்க்கோவின் கரையில். அப்பகுதி ட்வீட்ஸ்மூர் என்னும் மாகாணப் பூங்காவிற்குள் இருக்கிறது. 1938இல் உருவான இப்பூங்கா அன்றைய கனடாவின் ஆளுநர் நாயகத்தின் பெயரைத் தாங்கியது. ட்வீட்ஸ்மூர் பிரபு என்னும் அந்த ஆளுநர் வேறு யாருமல்லர். நாவலாசிரியர் ஜான் பக்கன்தான்.

* * *

ஆற்றில் முதலில் எங்களை வந்தடைந்தது வாடை. கரடியோ கழுகோ கண்ணில் படுவதற்கு வெகு முன்பே அழுகிய மீனின் வாடை காரின் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. எங்கள் முகச்சுளிப்பைப் பார்த்து, பதினோரு வயதான தம்பி மகள் சிரித்தாள். "அது நல்ல வாசனை, அத்தை. மீன் வந்திருக்குன்னு அர்த்தம்."

ஆழமற்ற தெளிந்த நீரில் இளஞ்சிவப்பு சால்மன் என்னும் இனம் நெருக்கமாக நின்றுகொண்டிருந்தது. ஐந்து முக்கிய பசிபிக் சால்மன் இனங்களில் உருவில் சிறியது இது. சரியாக இரண்டே ஆண்டு ஆயுள். ஆண் மீனுக்கு இந்தக் கடைசிப் பயணத்தில் முதுகில் பெரிய கூன் விழுகிறது. தாடை கொக்கிபோல் வளைகிறது. ஆற்றுக்குள் நுழைந்தபின் இவை உண்பதில்லை. உடலிலுள்ள கொழுப்பையும் தசையையும் எரித்தே நீந்துகின்றன. பெண் மீன் வாலால் கல்லைக் கிளறிக் குழி பறிக்கிறது. அந்தக் குழியில் 1500 முதல் 2000 முட்டைகள் வரை இடுகிறது. பின்னர் உயிர் இருக்கும் மட்டும் குழியின் அருகிலேயே காவல் நிற்கிறது. நாங்கள் பார்த்த ஒன்றுக்குத் தோல் வெளுத்து உரிந்து, வாலின் சதை தேய்ந்து வெள்ளை முள் தெரிந்தது. அது அப்போதும் தன் இடத்தை விட்டு நகராமல் நீரோட்டத்தை எதிர்த்து நின்றது. பல நிமிடங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்த பிறகும் அதற்கு உவமை எதுவும் தோன்றவில்லை.

பார்வையாளருக்காக ஆற்றங்கரையில் மரத்தடுப்பு கட்டிய மேடை ஒன்று இருக்கிறது. பூங்காப் பணியாளர்கள் உடனிருக்கிறார்கள். உணவு கொண்டுபோகக் கூடாது. உரக்கப் பேசக் கூடாது. நாற்பது நிமிடம் போல நின்றிருப்போம். எதிர்க்கரைப் புதர் அசைந்தது. ஒரு தாய்க்கரடியும் இரு குட்டிகளும் வெளிப்பட்டன.

கிரிஸ்லி என்பதற்கு ஆங்கிலத்தில் நரை கலந்தது என்று பொருள். தோள் மயிரின் நுனி வெளுத்திருப்பதால் வந்த பெயர். அதே ஒலியுடைய இன்னொரு சொல்லுக்குக் கோரமானது என்று பொருள். 1815இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டிய ஜார்ஜ் ஆர்ட் இரண்டாவது பொருளை எடுத்துக்கொண்டு 'ஹாரிபிலிஸ்' என்று எழுதிவிட்டார். சங்கப் பாடல்களில் நாம் படிக்கிற எண்கு, புற்றைத் தோண்டிக் கறையான் தின்கிற தேன்கரடி. இது அதைவிடப் பல மடங்கு பெரியது. தோளில் திமில்போல் தசை திரண்டு நிற்பது. ஆயினும் நாங்கள் கண்ட தாய்க்கரடியிடம் கோரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆற்றில் இறங்கி, முகத்தை நீருக்குள் அமிழ்த்தி, அடியைப் பார்த்தபடியே மெல்ல நடந்தது. துள்ளலோ பாய்ச்சலோ கிடையாது. ஒரு மீனைக் காலால் அழுத்தி வாயால் கவ்வி எடுத்துக் கரைக்குக் கொண்டுவந்து, வயிற்றைக் கீறி முட்டைகளை மட்டும் தின்றது. மிச்சத்துக்குக் குட்டிகள் அடித்துக்கொண்டன.

மீன் மிகுதியாக இருக்கும்போது கரடிகள் முட்டை, மூளை, தோல் என்று கொழுப்பு செறிந்த பகுதிகளை மட்டும் தின்றுவிட்டு மற்றதைப் போட்டுவிடுகின்றன. ஊதாரித்தனம்போல் தெரியும் இதற்குப் பின்னால் கறாரான கணக்கு ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் மாதக்கணக்காகக் குகையில் உண்ணாமல் கிடக்க வேண்டும். பெண் கரடி கோடையின் தொடக்கத்தில் இணை சேர்ந்தாலும், கரு உடனே கருப்பையில் பதிவதில்லை. இலையுதிர் காலம் வரை காத்திருக்கிறது. உடலில் போதிய கொழுப்பு சேராவிட்டால் கரு பதிவதே இல்லை. இந்த ஆற்றில் இந்தச் செப்டம்பரில் எத்தனை மீன் வந்தது என்பதைப் பொறுத்தே அடுத்த ஜனவரியில் எத்தனை குட்டிகள் பிறக்கும் என்பதும் அமைகிறது.

சற்று நேரத்தில் ஆற்றின் வளைவில் பெரிய ஆண் கரடி ஒன்று தோன்றியது. ஆண் கரடிகள் குட்டிகளைக் கொன்றுவிடுவது உண்டு. தாய் தலையைத் தூக்கி மோப்பம் பிடித்தது; பிறகு குட்டிகளை ஓட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்து நேராக எங்கள் மேடையின் பக்கமாக வந்து நின்றது. பெரிய ஆண்கள் மனித நடமாட்டத்தை விரும்புவதில்லை. ஆகவே குட்டிகளோடு இருக்கும் தாய்க்கரடிகள் சில வேளைகளில் மனிதர்களை வேலிபோலப் பயன்படுத்திக்கொள்கின்றன என்று பணியாளர் தணிந்த குரலில் விளக்கினார். ஆண் கரடி சற்று நின்று பார்த்துவிட்டுக் காட்டுக்குள் போயிற்று. எவரும் மூச்சுவிடவில்லை.

* * *

கழுகுகள் அதுவரை எங்கள் தலைக்கு மேலேயே இருந்திருக்கின்றன. ஆற்றோரத்து உயர்ந்த காட்டன்வுட் மரங்களின் மொட்டைக் கிளைகளில் ஒன்பது அமர்ந்திருந்தன. வெள்ளைத் தலையுடையவை ஐந்து. உடல் முழுதும் பழுப்பானவை நான்கு. பழுப்பு நிறத்தவை இளம் பறவைகள். தலை வெளுக்க ஐந்து ஆண்டுகளாகும். ஆங்கிலப் பெயரைப் பார்த்து மொட்டைக் கழுகு என்று மொழிபெயர்த்துவிடுவோரும் உண்டு. அப்பெயரிலுள்ள பழைய சொல்லுக்கு வெள்ளைக் குறி உடையது என்பதே பொருள். வெண்தலைக் கழுகு என்னும் தமிழ்ப் பெயர் இங்கே மூலத்தைவிடத் தெளிவாக இருக்கிறது.

இரண்டு மீட்டருக்கும் மேற்பட்ட சிறகு விரிவும், கண்ணில் அத்தனை அதிகாரமும் உள்ள இப்பறவையின் குரல் கோழிக்குஞ்சின் கீச்சொலி போன்றது. திரைப்படங்களில் நாம் கேட்கும் வீரக்குரல் பெரும்பாலும் வேறொரு வல்லூற்றிடமிருந்து எடுத்து ஒட்டப்பட்டது. மீன் பிடிக்கத் தெரிந்தும் அன்று அவற்றில் ஒன்றுகூட மீன் பிடிக்கவில்லை. கரடி விட்டுச்சென்ற மீனுக்காகக் காத்திருந்தன. கிடைத்ததை ஒன்றிடமிருந்து ஒன்று பறித்துக்கொண்டன.

இந்தக் கழுகு சால்மனைத் தின்று மீனவர் வாழ்வைக் கெடுக்கிறது என்று சொல்லி, அலாஸ்கா நிர்வாகம் 1917இலிருந்து ஒவ்வொரு கழுகின் காலுக்கும் பணம் கொடுத்தது. 1953இல் அச்சட்டம் நீங்குவதற்குள் 1,00,000க்கும் மேற்பட்ட கழுகுகள் கொல்லப்பட்டன. பிறகு டி.டி.டி. வந்தது, முட்டையோடு மெலிந்து உடைந்தது. அமெரிக்கா 1972இல் அந்த மருந்தைத் தடைசெய்தது. 2007இல் அழிவை நோக்கும் இனங்களின் பட்டியலிலிருந்து இப்பறவை நீங்கியது. 2024 டிசம்பரில்தான் சட்டப்படி அந்நாட்டின் தேசியப் பறவை ஆயிற்று. கழுகுகள் தின்றதால் சால்மன் அழிந்ததில்லை. அணைகள், வெட்டப்பட்ட காடுகள், அளவு மீறிய மீன்பிடிப்பு, சூடேறும் நீர் ஆகியவற்றால்தான் ஆறுகள் வெறுமையாகியிருக்கின்றன.

கரடியும் கழுகும் போட்டுவிட்டுப் போகும் மிச்சம் எங்கே போகிறது? விக்டோரியா பல்கலைக்கழகத்தின் உயிரியலாளர் டாம் ரைம்சென் இக்கேள்வியைப் பல ஆண்டுகள் தொடர்ந்தார். கடலில் மிகுதியாகக் காணப்படும் கனமான நைட்ரஜன் வகையை ஆற்றோரத்து மரங்களின் வளையங்களில் தேடிக் கண்டார். கரடிகள் மீனைக் காட்டுக்குள் இழுத்துச் செல்கின்றன, பூச்சிகளும் மழையும் அதை மண்ணாக்குகின்றன, மரம் எடுத்துக்கொள்கிறது. 2001இல் வெளிவந்த ஹெல்ஃபீல்டு, நைமன் இருவரின் ஆய்வு, தென்கிழக்கு அலாஸ்காவில் சால்மன் முட்டையிடும் ஓடைகளின் கரையிலுள்ள மரம் செடிகளின் இலைகளில் உள்ள நைட்ரஜனில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான அளவு மீனிலிருந்து வந்தது என்று காட்டியது. அந்த மரங்களின் நிழல் ஆற்றைக் குளிர்ச்சியாக வைக்கிறது. விழுந்த மரம் மீன்குஞ்சுக்கு ஒதுங்கிடமாகிறது. தன் குஞ்சுகளை ஒருபோதும் பார்க்கப்போகாத மீன், அவற்றின் வீட்டுக்கு இப்படித்தான் கூரை போடுகிறது.

* * *

இந்தப் பார்த்தலை அழகுபடுத்திச் சொல்ல நாங்கள் விரும்பவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஏறத்தாழ 15,000 கிரிஸ்லிகள் உள்ளன. கடற்கரையின் தொல்குடியினர் 2012இலேயே தங்கள் நிலங்களில் பெருமைக்காகக் கரடி வேட்டையாடுவதை மறுத்து அறிவித்தார்கள். மாகாண அரசு 2017 டிசம்பரில், தொல்குடியினரின் உரிமைக்கு மட்டும் விலக்களித்து, அவ்வேட்டைக்கு முற்றிலும் தடை விதித்தது. பெல்லா கூலாவிற்கு இன்று வருபவர்களில் பலர் எங்களைப்போல் கரடியைப் பார்க்க வருபவர்கள். ஆனால் 2025 நவம்பரில் இதே பள்ளத்தாக்கில், ஆசிரியர்களோடு நடந்துசென்ற பள்ளிக் குழந்தைகளைக் கிரிஸ்லி ஒன்று தாக்கிப் பலர் காயமடைந்தார்கள். அச்செய்தியைப் படித்த இரவு நாங்கள் நெடுநேரம் தூங்கவில்லை. நாங்கள் ஒரு வாரம் பார்த்துவிட்டு வந்துவிட்டோம். கரடியோடு வாழ்கிறவர்களின் குழந்தைகள் தினமும் அந்தப் பாதையில்தான் நடக்கிறார்கள்.

* * *

மூன்றாம் நாள் மாலை ஆற்றின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது, மீன் எப்படித் தன் ஆற்றைக் கண்டுபிடிக்கிறது என்ற பேச்சு வந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஆர்தர் ஹாஸ்லர் இதற்கு விடை கண்ட கதையைத் தம்பி சொன்னான். 1946இல் தம் சொந்த ஊரான யூட்டாவின் மலையில் அவர் ஏறிக்கொண்டிருந்தார். மறைவிலிருந்த அருவி ஒன்றை நெருங்கியபோது, பாசியும் மலர்களும் கலந்த குளிர்ந்த மணம் வந்து மோத, மறந்தே போயிருந்த சிறுவயது நினைவுகள் முகங்களோடும் பெயர்களோடும் திரும்பின. மனிதனுக்கே இப்படியென்றால் மீனுக்கு ஏன் கூடாது என்று அப்போது தோன்றியிருக்கிறது. பிற்காலச் சோதனைகள் அதை உறுதிசெய்தன. குஞ்சாக இருக்கும்போது பதிந்த ஆற்றின் வாடையை நினைவில் வைத்தே சால்மன் திரும்புகிறது.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான தருணம் வாய்க்காது. அதற்குள் தம்பி மகள் குறுக்கிட்டாள்.

"ஆனா எல்லா மீனும் திரும்பாது, பெரியப்பா. கொஞ்சம் மீன் வேற ஆத்துக்குப் போயிடும்."

அவர்கள் பள்ளியில் குளிர்காலம் முழுதும் வகுப்பறைத் தொட்டியில் சால்மன் முட்டைகளைப் பொரிக்கவைத்து, வசந்தத்தில் குஞ்சுகளை ஓடையில் கொண்டுபோய் விடுவார்களாம். அந்த மாகாணத்துப் பள்ளிகள் பலவற்றில் அது வழக்கம். அங்கே ஆசிரியை சொன்னதை அவள் எங்களுக்குச் சொன்னாள். பதினைந்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இந்த நிலம் ஏறக்குறைய முழுவதும் பனிப்பாளத்துக்கு அடியில் இருந்தது. இந்த ஆறும் இல்லை, மீனும் இல்லை. பனி உருகி ஆறுகள் பிறந்தபோது, வேறு எங்கோ பிறந்து வழி தவறிய மீன்கள்தாம் இவற்றுக்குள் முதலில் நுழைந்தன. அலாஸ்காவின் கிளேசியர் விரிகுடாவில் இன்றும் அது நடக்கிறது. 1794இல் வான்கூவரின் மாலுமிகள் வந்தபோது அவ்விரிகுடா பெரும்பாலும் பனிக்கட்டியாக இருந்தது. பனி பின்வாங்கப் பின்வாங்கப் பிறந்த புதிய ஓடைகளுக்கு இளஞ்சிவப்பு சால்மன்கள் தாமாகவே வந்து சேர்ந்திருக்கின்றன. எல்லா மீனும் தவறாமல் ஊர் திரும்பியிருந்தால், எங்கள் முன்னால் ஓடிய அட்னார்க்கோவில் ஒரு மீனும் இருந்திருக்காது. கரடியும் கழுகும் இப்படிக் கூடியிருக்காது.

வெகுநேரம் எவரும் பேசவில்லை. பிறகு தம்பியே தொடங்கினான். "அம்மா ஏதாவது கேட்டு அனுப்பியிருப்பாங்களே, அக்கா?"

"ஒன் ரூமப் பூட்டியே வச்சிருக்காங்க" என்பதற்கு மேல் எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "வர மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா இவளுக்கு இதுதான் ஊரு. அவளக் கூட்டிக்கிட்டு அங்க வந்தா, அப்புறம் அவ திரும்பி வரணும்னு இங்கதான் பாப்பா."

பதினெட்டு ஆண்டுகளில் அவன் அதைப்பற்றி எங்களிடம் பேசியது அவ்வளவுதான். அது மறுப்புத்தான், ஆனால் கேட்டுக்கொண்டிருந்தபோது மறுப்பாகத் தோன்றவில்லை.

* * *

ஊர் வந்த மறுநாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். தம்பியின் சொற்களைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னோம். கரடியையும் கழுகையும் சொன்னோம். வழி தவறிய மீன்களையும் சொன்னோம். அரிவாள்மணையை ஓரமாக ஒதுக்கிவிட்டு அம்மா யோசித்தார். அறிவியலாளர் எவரும் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார்.

"வழி தவறிப் போன மீனுக்குப் போன எடத்துல தொணை கெடைக்குமா?"

எப்போதும் கிடைக்காது. தனியாகச் சென்ற மீன் முட்டையிட இணையின்றி அந்நிய ஆற்றில் இறந்துபோகும். அதே ஆற்றுக்கு இன்னொரு மீனும் வழி தவறி வந்தால்தான் அங்கு ஒரு வம்சம் தொடங்கும். உண்மையை அப்படியே சொன்னோம்.

"இவனுக்குக் கெடைச்சிருக்கே" என்றார்.

ஒரு வாரம் கழித்து மாடியறைச் சாவியை எடுத்துக் கொடுத்தார். ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த பள்ளி ஆசிரியை ஒருவர், கைக்குழந்தையோடு வாடகைக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார். தம்பியின் புத்தகங்களை நாங்கள் பெட்டியில் அடுக்கினோம். மேசையை மட்டும் அங்கேயே விட்டுவிடச் சொன்னார் அம்மா. அந்தப் பெண்ணுக்கு விடைத்தாள் திருத்த உதவும் என்று.